பன்னிரண்டாவது ஆள்

சூசைத்துறையில் அந்தப் புயல் கரையைத் தொடவே இல்லை. ஒரு தென்னை ஓலை முறியவில்லை, ஒரு ஓடு சரியவில்லை, கோயில் கொடிமரத்துக் கயிறுகூட அவிழவில்லை. ஆனாலும் நாற்பது மைல் வெளியே, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போயிருந்த ஒரு விசைப்படகையும் அதிலிருந்த பன்னிரண்டு ஆண்களையும் அது எடுத்துக்கொண்டது, அந்தச் சேதியை ஊர் மூன்று நாள் கழித்துத் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் அறிந்தது.

படகை ஓட்டிப் போனவர் சேசடிமை. அவர் மனைவி ஜெனோவா ஒன்பதாம் நாள் கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யில் ஹெலிகாப்டரிலிருந்து பிடித்த கடல் தெரிந்தது, கடலில் ஒரு பலகை தெரிந்தது, பலகையைப் பற்றிக்கொண்டு ஒரு ஆள் துணி எதையோ வீசிக்கொண்டிருப்பது தெரிந்தது. மூன்று எண்ணுவதற்குள் அது போய்த் தக்காளி விலை வந்துவிட்டது. இடது தோளைத் தாழ்த்திக்கொண்டு வீசுகிற அந்த வீச்சு தன் புருஷனுடையது என்று அவள் சொன்னாள். அந்தச் சேனலுக்குப் போன் செய்து கேட்டபோது அப்படி எதுவும் நாங்கள் காட்டவில்லையே அம்மா என்றார்கள். அவள் இரண்டு நாள் சாப்பாடில்லாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தாள், அது திரும்ப வரவில்லை.

பதினோராம் நாள் சேசடிமையின் தம்பி கிளிட்டஸ் பஹ்ரைனிலிருந்து வந்து சேர்ந்தான். முந்நூறு அறை உள்ள ஒரு ஓட்டலில் எல்லா அறை டி.வி.க்கும் படம் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது அவன் வேலை. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன், ஒரு மாத விடுப்பில் வந்தவன். ஜெனோவா அவனுக்குக் கட்டன்சாயா போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"கிளிட்டஸே, டி.வி.யில வாறது ஒண்ணும் போகாம பிடிச்சு வைக்க வழி உண்டா?"

"உண்டு மைனி. எதுக்கு?"

"அது திரும்ப வரும்போ நான் அடுப்படியில நின்னா என்ன செய்யது."

அவன் மறுநாளே கிளம்பினான். நாகர்கோவிலுக்குப் போய் ஒரு பழைய கம்ப்யூட்டரும், டிஷ்ஷிலிருந்து வரும் வயரை அதற்குள் கொண்டுபோகிற இரண்டு கார்டும், பதிவைச் சேர்த்து வைக்கப் பெரிய ஹார்ட் டிஸ்க் இரண்டும், வீட்டில் எங்கிருந்தும் போட்டுப் பார்க்க ஒரு ரவுட்டரும் வாங்கி வந்தான். வலை வைக்கிற சின்ன அறையில், மாதா சுரூபத்துக்குக் கீழே பலகை அடித்து அதையெல்லாம் அடுக்கினான். எந்தச் சேனலை எத்தனை மணிக்குப் பிடிக்க வேண்டும் என்று பட்டியல் போட்டான். நாளொன்றுக்கு ஏழு நிகழ்ச்சி பதிவாகும், இடம் நிறைந்தால் பழையது தானாக அழிந்து புதியதற்கு வழிவிடும். கிளிட்டஸ் அதை சர்வர் என்றான், சர்வர் என்றால் ஓட்டலில் இலை போடுகிறவர் அல்லவா என்று ஊர் அந்தப் பெயரை ஏற்காமல் பிடிபெட்டி என்று சொல்ல ஆரம்பித்தது.

முதலில் ஏழும் செய்தியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள், அந்த ஹெலிகாப்டர் படத்தை வேறு எந்த நிகழ்ச்சியிலாவது போட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஜெனோவா சொன்னதால், அவன் மற்ற நிகழ்ச்சிகளையும் சேர்த்தான். அப்படிச் சேர்த்த மறுநாள் காலை, முந்தின நாள் பதிவான சமையல் போட்டியை அவன் சரிபார்த்தபோது, பார்வையாளர் வரிசையில் மூன்றாவது நாற்காலியில் பெல்லார்மின் உட்கார்ந்திருந்தான். பெல்லார்மின் அண்ணனோடு படகில் போனவன், கிளிட்டஸோடு ஒன்றாம் வகுப்பில் படித்தவன், காது மடலில் தூண்டில் முள் கிழித்த தழும்பு உள்ளவன்; அந்தத் தழும்போடேயே உட்கார்ந்திருந்தான்.

பெல்லார்மினின் மனைவி ரோசிலியைக் கூப்பிட்டார்கள். அவள் மாவுக் கையோடு வந்து வெகுநேரம் பார்த்தாள்.

"அந்த நீலச் சட்டை நான் எடுத்துக் குடுத்தது இல்ல," என்றாள். அன்று அவள் பேசியது அவ்வளவுதான்.

அடுத்த மூன்று வாரத்தில், படகில் போன பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் பட்டிமன்றத்தில் தூணோரமாக இருந்தார், ஒருவர் பாட்டுப் போட்டியில், இரண்டு பேர் கபடி பார்க்கிற கூட்டத்தில், அண்ணன் தம்பி மூன்று பேர் தோளோடு தோள் ஒட்டி ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் பின்வரிசையில். நிகழ்ச்சி நேரடியாக ஓடும்போது அந்த நாற்காலிகள் காலியாக இருந்தன, பிடிபெட்டியில் பதிவான பிறகு போட்டுப் பார்த்தால் ஆள் இருந்தது. பென் டிரைவில் ஏற்றி வேறு வீட்டுக்குக் கொண்டுபோனால் மறுபடியும் நாற்காலி காலி. இது ஏன் என்று கிளிட்டஸ் ஒரு வாரம் ஆராய்ந்துவிட்டு, கார்டு ஒன்றை மாற்றிப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டான். கடலுக்குள் நீரோட்டம் ஏன் திரும்புகிறது என்று கேட்காமலேதானே வலை வீசுகிறோம் என்று ஊரும் அதை விட்டுவிட்டது.

விடிகாலையில் வந்த மீன் ஏலம் போய் முடிகிற நேரம் காலை பத்து மணி, ஆகவே பத்து மணி என்றே வைத்துக்கொண்டார்கள். கோயிலின் பங்கு மன்றத்திலிருந்து நான்கு பெஞ்சு வந்தது. ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது, திருமண ஓலைகளுக்குப் பிறகு, அந்த வாரம் எந்த நிகழ்ச்சிகள் பதிவாகின்றன என்பதையும் வாசித்தார்கள். அப்பாவுக்குக் கபடி பிடிக்கும் அதைப் பிடியுங்கள் என்று ஒரு வீட்டிலிருந்தும், அவருக்குப் பாட்டென்றால் உயிர் என்று ஒரு வீட்டிலிருந்தும் சொல்லிவிட்டார்கள். பெண்கள் தலை வாரி, துவைத்த சேலை உடுத்தி வந்து உட்கார்ந்து, திரையைப் பார்த்து வீட்டுச் சேதிகளைச் சொன்னார்கள், கிணறு உப்பாகிவிட்டது என்றும் மூத்தவள் பரீட்சையில் தேறிவிட்டாள் என்றும் சொன்னார்கள், புயலுக்குப் பிறகு பிறந்த ஒரு குழந்தையைத் தூக்கித் திரைக்கு நேராகக் காட்டினார்கள். அந்தப் பதினொரு பேர் யாரையும் பார்க்கவில்லை. அவர்கள் மேடையைப் பார்த்தபடி இருந்தார்கள், மற்றவர்கள் கைதட்டினால் கைதட்டினார்கள், சமையல் நிகழ்ச்சியில் ருசி பார்க்கத் தட்டு வந்தால் வாங்கிப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டார்கள்.

பெல்லார்மின் பக்கத்தில் இரண்டு வாரம் தொடர்ந்து ஒரே பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று ரோசிலி கண்டுபிடித்து, மூன்றாவது வாரம் திரையைப் பார்க்காமல் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அதற்கும் ஊர் இரண்டாகப் பிரிந்து நியாயம் பேசியது.

அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதில் அப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. கடல் எங்கோ கரை சேர்த்திருக்கிறது, அடிபட்டு நினைவு தப்பியிருக்கிறது, சென்னைப் பட்டணத்தில் யாரோ கூட்டிப் போய் நாற்காலியை நிறைக்கிறார்கள். ஆறு பேர் ரயிலேறிப் போய் அந்தப் படப்பிடிப்பு நடக்கிற இடத்தின் கேட்டில் நான்கு நாள் நின்றுவிட்டு, வெறுங்கையோடு வந்து மறுநாள் பத்து மணிக்கு அதே ஆட்களைத் திரையில் பார்த்தார்கள். கலெக்டர் அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் போட்டோக்களை வைத்து ஒத்துப் பார்த்தார். உலகத்தில் ஒரே சாயலில் ஏழு பேர் இருப்பார்கள் என்று சொல்லி, இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டாவது ஆள் மட்டும் வரவில்லை. பெட்டி இருக்கிற வீட்டுக்காரர் வரவில்லை. ஜெனோவா எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்து, எல்லாரும் எழுந்து போன பிறகும் உட்கார்ந்து, ஏழு நிகழ்ச்சியிலும் கூட்டம் தெரிகிற இடத்தில் நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மற்றவர்கள் இருக்கிறார்கள், சேசடிமை மட்டும்தான் போய்விட்டார் என்று ஊர் மெல்ல முடிவுக்கு வந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அவள் வீட்டுக்கு வந்தது, பேசிக்கொண்டிருக்கும்போது எல்லார் கண்ணும் ஒரு தடவை அவள் கழுத்துத் தாலிக்குப் போய்த் திரும்பியது. கிளிட்டஸ் விடுப்பை நீட்டினான், பிறகு நீட்டக் கேட்டு எழுதுவதையும் நிறுத்திவிட்டான். ஓட்டலில் அவன் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டது.

இப்படி ஒன்றரை வருடம் போனது. அந்த வருடம் ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கோயில் உபதேசியார் வியாகுலம் தன் வீட்டுக் கட்டிலில், சாப்பிட்டுப் படுத்தவர், இறந்துபோனார். எண்பத்தொரு வயது, புயலுக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லாத சாவு. புதன்கிழமை ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஆளுக்கொரு பிடி மண் போட்டது. வியாழக்கிழமை பத்து மணிக்குப் பெஞ்சுகளில் உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமை மாலை பதிவான ஒரு வினாடி வினா நிகழ்ச்சியைப் போட்டார்கள். இரண்டாவது வரிசையில், பெல்லார்மினுக்குப் பக்கத்தில், உபதேசியார் வியாகுலம் உட்கார்ந்திருந்தார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. நிகழ்ச்சி ஓடியது, கேள்விகள் கேட்டார்கள், நதிகளைப் பற்றியும் நாட்டுத் தலைநகரங்களைப் பற்றியும் கேட்டார்கள், சரியான விடைக்கு மணி அடித்தது, உபதேசியாரும் பெல்லார்மினும் ஒன்றாகக் கைதட்டினார்கள். முடிந்து திரை இருண்ட பிறகும் பெஞ்சுகளில் இருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். கடைசியில் ரோசிலிதான் பேசினாள்.

"பங்குச்சாமிகிட்டச் சொல்லி அவருக்கு ஒரு பெட்டி செய்யச் சொல்லுங்க."

அந்த வாரம் பதினொரு சவப்பெட்டி செய்தார்கள். உடல் இல்லாததால் ஒவ்வொன்றிலும் ஒரு சட்டையும் ஒரு வேட்டியும் ஒரு செபமாலையும் வைத்தார்கள், ரோசிலி பெல்லார்மினின் கல்யாணச் சட்டையை மடித்து வைத்தாள். ஒரே பூசையில் பதினொன்றையும் வைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் இறக்கினார்கள். ஒன்றரை வருடம் தினமும் முகம் பார்த்துப் பேசியிருந்ததால் புதிதாக அழ வேண்டியிருக்காது என்று நினைத்தவர்களெல்லாம் அன்று அழுதார்கள். ஜெனோவா பின்னால் தனியாக நின்றாள். அழுகிற அத்தனை பெண்களுக்கு நடுவில் அவள் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் கூச்சமில்லாமல் எழுந்து நின்றது, அதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அவள் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். திரையில் வருகிறவர்கள் செத்தவர்கள். சேசடிமை ஒரு நாளும் வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குக் குழம்புக் கிண்ணம் வரவில்லை. யாருக்கும் அவள் மேல் கோபம் இல்லை, ஆனால் அவளைப் பார்த்தால் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. பெஞ்சுகள் மன்றத்துக்குத் திரும்பிப் போயின. நினைவு நாளுக்கு மட்டும் ஓரிரு பெண்கள் வந்து, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

ஜெனோவா மனு எழுத ஆரம்பித்தாள். மீன்வளத்துறைக்கு எழுதினாள், கலெக்டருக்கு எழுதினாள், என் கணவர் உயிரோடு இருக்கிறார், ஏதோ நாட்டின் கரையிலோ தீவிலோ சிறையிலோ இருக்கிறார், தேடுங்கள் என்று எழுதினாள். ஓர் அலுவலகத்தில் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் நல்ல மனதோடு அவளை உட்காரவைத்துக் கேட்டார்.

"உயிரோட இருக்கிறதுக்கு ஏதாவது ஆதாரம் வச்சிருக்கீங்களா?"

"அவரு டி.வி.யில வரல்ல அம்மா."

அந்த அம்மா அவளையும் கூட வந்திருந்த கிளிட்டஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மனுவை வாங்கி மற்ற மனுக்களோடு வைத்தார்.

முன்பு புருஷன் முகம் தெரிய வேண்டும் என்று பார்த்தவள் இப்போது தெரியக் கூடாது என்று பார்த்தாள். அதே பத்து மணி, அதே ஏழு நிகழ்ச்சி, அதே போல நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு முகம். ஏழும் முடிந்ததும் சிலுவை அடையாளம் போட்டு, "இன்னைக்கும் இல்ல," என்று சொல்லிவிட்டுத்தான் சோறு வடிக்கப் போவாள். நிறுத்திவிடலாமே மைனி என்று கிளிட்டஸ் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். நிறுத்தினா அவரு இருக்காரா இல்லையான்னு எனக்கு ஆரு சொல்லுவா என்று அவள் கேட்டாள்.  டிஸ்க் ஒன்று பழுதானபோது புதியது வாங்கி மாட்டினான், உப்புக்காற்றில் அரித்த வயரை மாற்றினான், மழைக்காலத்தில் டிஷ்ஷைத் திருப்பி வைத்தான். ஊரில் நான்கைந்து வீட்டுக்கு மின்சார வேலை பார்த்து அந்த வீட்டிலேயே இருந்துவிட்டான்.

புயல் போய் மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஆன ஒரு தை மாதக் காலை, மைனி கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது, கிளிட்டஸ் முந்தின நாள் பதிவைத் திறந்தான். அது பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். கடைசி வரிசையில், வாசலை ஒட்டிய நாற்காலியில், அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

முதலில் அவனுக்கு ஆள் தெரியவில்லை. மற்ற பதினொரு பேரும் புறப்பட்டுப் போன அன்று எப்படி இருந்தார்களோ அப்படியே இருந்தார்கள், இத்தனை காலத்தில் ஒருவருக்கும் ஒரு மயிர் வளரவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏனென்றால் அண்ணனுக்குத் தாடி நெஞ்சு வரை வளர்ந்து நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. முன்பல் இரண்டு இல்லை. கழுத்தெலும்பு தெரிய, எந்த ஊர் நெசவு என்று சொல்ல முடியாத ஒரு கட்டம் போட்ட துணியைப் போர்த்தியிருந்தார், அதில் நெஞ்சருகே யாரோ கறுப்பு நூலால் கிழிசலைத் தைத்திருந்தார்கள். மூன்று வருடம் இரண்டு மாதம் அந்த ஆள் எங்கேயோ வாழ்ந்திருக்கிறார், நேற்றுவரை வாழ்ந்திருக்கிறார்.

வெளியே வாளி கிணற்றுக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. கிளிட்டஸ் அந்தப் பதிவை அழித்தான்.

பத்து மணிக்கு ஜெனோவா வந்து உட்கார்ந்தாள். டிஸ்க்கில் கோளாறு, ஒண்ணு பதிவாகல்ல மைனி என்றான். அவள் மிச்சம் ஆறையும் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டு, "இன்னைக்கும் இல்ல," என்று எழுந்து போனாள்.

மறுநாள் அண்ணன் சமையல் போட்டியில் இருந்தார். அதற்கு மறுநாள் நகைச்சுவை நிகழ்ச்சியில். சில நாள் இரண்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றில். கிளிட்டஸ் விடிவதற்கு முன்பே எழுந்து, ஏழையும் ஓட்டிப் பார்த்து, அண்ணன் இருக்கிறதையெல்லாம் அழித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு சாயா குடிக்க வந்தான். அவன் அண்ணனுக்காக அழ வேண்டியிருந்தது. அந்த வீட்டில் அழுதால் காரணம் சொல்ல வேண்டும், கடற்கரையில் அழுதால் ஊர் காரணம் கேட்கும், ஆகவே அவன் அழாமலே நாளைக் கடத்தினான். சோறு இறங்கவில்லை. மைனி தினமும் பத்து மணிக்கு வந்து, மிச்சமிருப்பதைப் பார்த்து, அந்த இரண்டு வார்த்தை மாறாமல் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தையைக் கேட்பதற்காகத்தான் அத்தனையும் என்று நினைத்துக்கொண்டு அவன் நாற்பது நாள் அப்படிச் செய்தான்.

நாற்பதாம் நாள் மதியம் அவள் அவனுக்குச் சோறு போட்டு, சாளை மீன் புளிமுளக் குழம்பு ஊற்றி, எதிரில் உட்கார்ந்தாள்.

"கிளிட்டஸே," என்றாள். "அவரு தாடி விட்டிருக்காரா?"

அவன் கை சோற்றில் நின்றது.

"சொல்லு மக்கா."

"எப்பம் தெரிஞ்சுது மைனி?"

"மொத நாளே தெரியும். ஏழு இருக்க இடத்துல ஆறு இருந்துது. மூணு வருசமா இல்லாததையே பாத்துக்கிட்டு இருந்தவ நான். ஒண்ணு இல்லன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல்ல?"

"நீ விடியக்காலம் எழும்பி அந்த ரூமுக்குப் போறது கேட்டுக்கிட்டேதான் கிடப்பேன். எனக்காக இவ்வளவு பாடுபடுதான், நான் தெரிஞ்சுக்கிட்டேன்னு சொன்னா இவன் ஒடஞ்சு போவான்னு நெனச்சேன். இப்போ சோறும் தின்ன மாட்டேங்க. நாப்பது நாள் ஆச்சு. நாளைக்கு நாப்பத்தி ஒண்ணு, பூசை வைக்கணும்."

கிளிட்டஸ் அழுதான். எச்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதான். அவள் எழுந்து வந்து அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், அவன் ஓய்கிறவரை நின்றாள்.

"தாடி இருக்கு மைனி. நரைச்சு போச்சு. ரொம்ப மெலிஞ்சிருக்காரு. ரெண்டு பல்லு இல்ல."

"உடுப்பு?"

"ஒரு துணி போத்தியிருக்காரு. கிழிஞ்ச எடத்துல ஆரோ தச்சுக் குடுத்திருக்காவ."

அவள் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். "தச்சுக் குடுத்திருக்காவ," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, "சோத்தத் தின்னு," என்றாள்.

மறுநாள் காலை அவன் எதையும் அழிக்கவில்லை. ஜெனோவா பத்து மணிக்கு உட்கார்ந்து, சிறுபிள்ளைகள் பாடுகிற ஒரு போட்டியில், நான்காவது வரிசையில், தன் புருஷனைப் பார்த்தாள். எங்கும் நிறுத்தவில்லை, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே ஓட்டமாகப் பார்த்தாள். ரோசிலிக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை, பாதியில் வந்து சத்தமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள், பிறகு மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்தார்கள், பெஞ்சு இல்லாததால் தரையில் உட்கார்ந்தார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ரோசிலி தன் கையாலேயே ஜெனோவாவின் கழுத்துத் தாலியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

மாலைப் பூசைக்கு முன்னால் பங்குச்சாமியார் இறந்தோர் பதிவேட்டை எடுத்துவைத்து எழுத உட்கார்ந்தார். பதினொரு பேருக்கும் புயல் நாள் என்று எழுதியிருந்த அந்தப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், சேசடிமை, வயது நாற்பத்தொன்பது என்று எழுதினார். இறந்த தேதி கேட்டார். தை மூன்று, பட்டிமன்றம் பதிவான அன்று என்று கிளிட்டஸ் சொன்னான். ஊரில் கடல் எடுத்தவர்களில் நாள் தெரிந்து பூசை வைக்கப்படுகிறவர் அவர் ஒருவர்தான். இறந்த இடம் என்ற கட்டத்தில் சாமியாரின் பேனா நின்றது.

"கடல்னு போடட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் சாமி," என்றாள் ஜெனோவா. "அவரு கரையிலதான் செத்திருக்காரு. ஒரு வீட்டுலதான் செத்திருக்காரு. அது எந்த எடம்னு அந்த வீட்டுக்காரங்களுக்குத் தெரியும். இப்போ அவங்களும் அழுதுக்கிட்டுதான் இருப்பாவ."

 சாமியார் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, கீழே தன் கையெழுத்தைப் போட்டு, மணி அடிக்கச் சொன்னார்.